நிபுணர்களுக்குத் தெரிந்த ஒரு வரி

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பேன். என் சொந்தக் கருத்து அங்கே யாருக்கும் தேவையில்லை. அதனால் அத்தனையையும் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த வேலையால் எனக்கு ஒட்டிக்கொண்ட இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது "அது எல்லாருக்கும் தெரியுமே" என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். "அவன்தான் அடிச்சான், எங்க புளோக்குல குடியிருக்கிற எல்லாருக்கும் தெரியும்" என்று சாட்சி சொல்வார். நீங்கள் பார்த்தீர்களா? இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவர் பார்த்தாரா? அவருக்கு அவர் மனைவி சொன்னார். அதோடு அந்தச் சாட்சியம் முடிந்துவிடும். பிறர் சொல்லிக் கேட்டது அங்கே செல்லாது.

என் மனைவி கணிதத்தில் ஆய்வு செய்பவள். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. சிங்கப்பூரில், செங்காங் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிக்கு மேல் அவளுடைய தாள்கள்தான் இருக்கும். ரசம் சிந்தாமல் சாப்பிடுவது என் பொறுப்பு. மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் எதற்காகச் சண்டை போடுவார்களோ, எங்கள் வீட்டில் கணிதக் கட்டுரைகளில் வரும் 'தெளிவாக' என்ற சொல்லுக்காகப் போடுவோம்.

"இங்க பாரு, 'தெளிவாக'ன்னு ஆரம்பிக்கிறாரு. அதுக்கப்புறம் ஒரு வரியாவது தெளிவா இருக்கா?" என்று ஏதாவது ஒரு தாளைத் தூக்கிக் காட்டுவேன்.

"அது உங்களுக்காக எழுதல லா," என்பாள், தலையைத் தூக்காமலேயே.

கணிதக்காரர்கள் எழுதுவதில் எனக்கு மிகவும் பிடித்தது, 'இதன் நிறுவல் வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது' என்று எழுதிவிட்டு, எதையும் நிரூபிக்காமலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது. கல்யாணத்துக்குச் சமையல் செய்ய ஒப்புக்கொண்டவர், இலையில் உப்பை மட்டும் வைத்துவிட்டு, சாம்பார் விருந்தினருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது என்று கிளம்பினால் சிராங்கூன் ரோட்டில் அவருக்கு அதற்குப் பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? கணிதத்தில் அப்படிப்பட்டவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

அவர்கள் வைக்கும் பெயர்களும் அப்படித்தான். இலக்கங்கள் எல்லாம் சரிசமமாகப் பரவிக் கிடக்கும் எண்ணுக்கு 'நார்மல்' என்று பெயராம். கிட்டத்தட்ட எல்லா எண்களும் நார்மல்தான் என்று நிறுவியிருக்கிறார்களாம். சரி, பள்ளியில் வட்டத்தின் பரப்புக்கு நாமெல்லாம் படித்த பை என்ற எண் நார்மலா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றாள். கிட்டத்தட்ட எல்லாம் என்றால் எத்தனை விடுபட்டிருக்கின்றன என்று கேட்டேன். "முடிவில்லாத அளவு" என்றாள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். முடிவில்லாத அளவு பேர் வராத கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று கணக்குச் சொல்பவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் உண்டு என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து விளக்குவாள். பல நேரங்களில் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நான் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் தேநீர் போடப் போய்விடுவேன். இந்த விளையாட்டு எங்கள் இருவருக்குமே பிடித்திருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பேராசிரியர் சிங்கப்பூர் வந்தார். ஐரோப்பாவில் எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்தவர். நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாத உயர் பரிமாண வடிவங்களைப் பற்றி நெடுங்காலமாக யாராலும் தீர்க்க முடியாமல் கிடந்த ஒரு கேள்வியை, தலையணையாக வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஒரு நிறுவலால் தீர்த்துப் பரிசும் வாங்கியவர். என் மனைவியின் ஆய்வுகள் எல்லாமே அந்த நிறுவலின் மேல் கட்டியவை. அவர் உரையைக் கேட்க என்னையும் அழைத்துப் போனாள். "நல்ல மனுஷர், சும்மா வந்து கேளுங்க, வாய மட்டும் தொறக்காதீங்க," என்றாள்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் வருத்தமும் இல்லை. புரியாத நேரத்தில் நான் முகங்களைப் பார்ப்பேன். அது தொழில் பழக்கம். உரையின் நடுவில் ஒரு படம் வந்தது. இரண்டு வளைந்த துண்டுகள், நடுவில் ஒரு கோடு. பேராசிரியர், இவற்றை வழக்கமான முறையில் வழுவழுப்பாக ஒட்டிவிடலாம், இது நிபுணர்களுக்குத் தெரிந்ததுதான் என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். அறை முழுக்கத் தலைகள் ஆடின. முன்வரிசையில் ஆடின, நடுவரிசையில் ஆடின. என் மனைவியின் தலையும் ஆடியது. ஆனால் அவள் வலது கை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தது. பிடிக்காத ஒன்றுக்குச் சரி சொல்லும்போது அவள் அப்படித்தான் செய்வாள். என் அம்மாவின் சமையலைப் பாராட்டும்போதும் அதே கதைதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, நாங்கள் எப்போதும் போகும் கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"அந்த ரெண்டு துண்டு ஒட்டுற படம் வந்துச்சே, எல்லாரும் தலையாட்டுனீங்க. என்ன அது?"

"அது... ஜாக்கெட்டுக்குக் கை தைக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க. உடம்புத் துண்டு வேற, கைத் துண்டு வேற. சுருக்கம் விழாம ரெண்டையும் ஜாயின் பண்ண முடியும். அவ்வளவுதான்."

"முடியும்னு யாரு சொன்னது?"

"வெல் நோன் லா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"உனக்குத் தெரியுமா?"

வழக்கமாக இந்த இடத்தில் என்மேல் ஒரு முறைப்பு விழும். அன்று விழவில்லை. தோசையைச் சட்னியில் தோய்த்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா அந்த வரிகிட்ட வரும்போதெல்லாம் கண்ண மூடிக்கிட்டுத் தாண்டிடுறேன்," என்றாள். "எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன். அதான் யாரையும் கேக்கல."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கிண்டல் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நாம் கிண்டலே செய்கிறோம். அவளுக்கே தெரியாது என்றதும் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் அந்த வரியைத் துரத்த ஆரம்பித்தாள். பேராசிரியரின் நிறுவலில் அந்த இடத்தில் இன்னொரு கட்டுரையைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அந்தக் கட்டுரையில், இது வழக்கமான முறைதான் என்று சொல்லி அதற்கும் முந்தைய ஒன்றைக் காட்டியிருந்தது. அந்த முந்தையதில், முழு விவரங்களும் விரைவில் வரவிருக்கும் கட்டுரையில் தரப்படும் என்று இருந்தது. விரைவில் வரவிருந்த கட்டுரை வரவே இல்லை. எழுத வேண்டியவர் வேறு துறைக்குப் போய்விட்டார். அது வந்துவிட்டதாக நினைத்து மேலே மேலே மாடி கட்டிக்கொண்டே போயிருந்தார்கள். அந்த மாடிகளில் ஒன்று என் மனைவியுடையது.

எனக்கு எங்கள் கல்யாணம் ஞாபகம் வந்தது. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் முகூர்த்த நேரத்தில் ஐயர் தாலியைக் கேட்டார். என் அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தாய்மாமாவைப் பார்த்தாள். மாமா, ஐயரிடம் அப்போதே கொடுத்துவிட்டார்களே என்று நினைத்து நிம்மதியாகப் பாக்கு மென்றுகொண்டிருந்தார். தாலி புக்கிட் மேராவில் அம்மா வீட்டுச் சாமி அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஒருவர் டாக்ஸியில் போய் எடுத்துவரும்வரை ஐயர் மந்திரத்தை இழுத்தார், இழுத்தார், அப்படி இழுத்தார். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு அடுத்தவரை நம்பினார்கள், அவ்வளவுதான். இதை நான் சொன்னதும் மனைவி சிரித்தாள். பிறகு, "நமக்காவது அலமாரியில இருந்துச்சு. இங்க தாலியே செய்யலன்னா?" என்று கேட்டாள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அவர் பண்பாகப் பதில் போட்டார். நல்ல கேள்வி, இதை முழுமையாகச் சரிபார்த்தவர் இன்னார் என்று ஒரு பெயரைக் கொடுத்திருந்தார். அந்தப் பெயருக்கு உரியவர் என் மனைவிக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரேதான். அவருக்கு எழுதினாள். அவரும் பண்பாகப் பதில் போட்டார். அதைப் பேராசிரியர் பார்த்துக்கொண்டார் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். சத்தியப் பிரமாணம் செய்து கூண்டில் ஏறாததால் இருவரும் பிழைத்தார்கள்.

இதுவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேடிக்கை நின்ற இடம் வேறு. அவளுடைய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது அவள் எழுதிய ஒரு பெரிய கட்டுரையைப் பொறுத்திருந்தது. அந்தக் கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டு அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அதன் நடுவில் அந்த ஒட்டு வேலை இருந்தது. 'நிபுணர்களுக்குத் தெரிந்ததே' என்று அவளே ஒரு வரி எழுதித் தாண்டியிருந்தாள். இப்போது அதைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றாள்.

செங்காங் ஆற்றோரப் பூங்காவில் நடந்துகொண்டே அன்று மாலை நாங்கள் சண்டை போட்டோம். வாழ்நாள் முழுக்கத் 'தெளிவாக' என்ற சொல்லைக் கேலி செய்தவன், அந்தச் சொல்லை அப்படியே விட்டுவை என்று அவளிடம் கெஞ்சினேன்.

"எல்லாரும்தானே அப்படி எழுதிருக்காங்க. நீ மட்டும் என்ன? அந்தப் பேராசிரியரே வாபஸ் வாங்கல."

"அவருக்கு வேல போகாது."

"அதத்தானே நானும் சொல்றேன்! உனக்குப் போகும். தப்புன்னு யாராவது நிரூபிச்சாங்களா? இல்லையே. சரியாத்தான் இருக்கும்."

"சரியாத்தான் இருக்கும்," என்றாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா தெரியல. தெரியாதத தெரியும்னு ஏற்கனவே ஒரு தடவ எழுதிட்டேன். தெரியாம எழுதினேன். இப்ப தெரிஞ்சே எழுதணுமா?"

நான் வேகமாக நடக்க ஆரம்பித்தேன். அவள் பின்னால் மெதுவாகத்தான் வந்தாள். அன்று இரவு இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். மறுநாள் அவள் ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். துறைத்தலைவர் கூப்பிட்டுப் பேசினார். நேர்மையைப் பாராட்டினார், ஆனால் பாராட்டை ஒப்பந்தக் குழுவின் முன் வைக்க முடியாது என்றும் சொன்னார். நியாயமான மனிதர். அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் மேசையில் எனக்கு இடமே இல்லை. நான் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் அந்த ஒரு வரியைத் தானே நிறுவ உட்கார்ந்துவிட்டாள். வழக்கமான முறை என்று எல்லோரும் சொன்னது அந்த இடத்தில் வேலை செய்யவே இல்லையாம். ஒரு பக்கம் இழுத்துத் தைத்தால் இன்னொரு பக்கம் சுருக்கம் விழுந்ததாம். காலையில் முடிந்துவிட்டது என்று குளித்துவிட்டுப் பாட்டுப் பாடுவாள். சாயங்காலம் நான் வரும்போது முகம் தொங்கிக் கிடக்கும். என்ன ஆச்சு என்று கேட்கமாட்டேன். தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த வடையைத் தாள்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் பார்த்து வைப்பேன்.

கடைசியில் முடித்தாள். எல்லோரும் ஒரு வரியில் தாண்டியது நாற்பது பக்கம் வந்தது. அன்றைக்கு அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுருக்கமே இல்லை, சுருக்கமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. எதற்கு என்று எனக்கே புரியாவிட்டாலும்.

அதை ஆய்விதழுக்கு அனுப்பினாள். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தார். கவனமாக எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் இதிலுள்ள முடிவு நிபுணர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது, பேராசிரியரின் புகழ்பெற்ற நிறுவலிலேயே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்றுமில்லை, வெளியிடப் பரிந்துரைக்க இயலாது.

நான் வீட்டுக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். நீதிமன்றத்தில் பலர் வாயிலிருந்து கேட்டு, மொழிபெயர்த்து, நான் சொந்தமாகப் பயன்படுத்த வாய்ப்பே கிடைக்காத சில சொற்களை அன்று பயன்படுத்தினேன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொன்னவருக்குப் பரிசு. அதை நிஜமாகவே செய்து கொண்டுவந்து கொடுத்தவளுக்கு, இது ஏற்கெனவே இருக்கிறதே என்ற பதில். இது எந்த ஊர் நியாயம்? எழுதிப் போடு, பேராசிரியருக்கே நேராக எழுது என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தாள்.

"தப்புன்னு சொல்லிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்," என்றாள். "தப்புன்னு சொல்றதுக்காவது அவரு படிச்சிருக்கணும். இவரு படிக்கவே இல்லங்க."

அவளை உடைத்தது வேலை போகப்போவது அல்ல, யாரும் படிக்காததுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தச் சேர்ந்தாள். மாணவர்களுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் அவர்களைப் பிடித்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவைத்தாள். பேராசிரியர் ஒரு வரியில் வாழ்த்து அனுப்பினார். அவளுடைய வழிகாட்டி, விடுமுறையில் படிக்கிறேன் என்று எழுதினார். எத்தனையோ விடுமுறை வந்து போய்விட்டது. மேசை காலியாகிவிட்டது. நான் மறுபடியும் அங்கே சாப்பிடுகிறேன். ரசத்தைத் தாராளமாகச் சிந்தலாம். சிந்தத்தான் மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த நாற்பது பக்கத்தையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். எனக்குச் சொல்லு என்றேன்.

"உங்களுக்கா? எதுக்கு, கிண்டல் பண்ணவா?"

"இல்ல. எனக்குத் தெரியணும்."

நம்பாமல்தான் உட்கார்ந்தாள். முதலில் கத்தரிக்கோலும் பழைய நாட்காட்டித் தாளுமாக ஆரம்பித்தாள். ஒரு துண்டை வளைத்தாள், இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தாள். எங்கே இழுக்கும், எங்கே மடங்கும் என்று காட்டினாள். முதல் பக்கம் எனக்குப் புரிந்தது. நிஜமாகவே புரிந்தது. இரண்டாவது பக்கத்தில் பாதி புரிந்தது. அவள் குரல் மாறிக்கொண்டே வந்தது. கைகள் காற்றில் வடிவங்களைப் பிடித்து ஒட்டின. இத்தனை வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன், அவளை இப்படிப் பார்த்ததில்லை. மூன்றாவது பக்கத்தில் எங்கேயோ நான் இழையை விட்டுவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். ஒரு வரியின் கீழ் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"புரியுதுல்ல?"

தலையாட்டியிருக்கலாம். அந்த முகத்துக்காக யாராயிருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

"இல்லம்மா," என்றேன். "புரியல."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கம் பின்னால் புரட்டினாள்.

"எந்த வரியில விட்டீங்க? காட்டுங்க," என்றாள்.